சொந்த மண்ணில் சறுக்கும் அணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

2025 நவம்பரில் குவாஹாட்டியில் தென்னாப்பிரிக்காவிடம் இந்திய டெஸ்ட் அணி 408 ரன் வித்தியாசத்தில் தோற்றது. ரன் கணக்கில் இந்தியா இதுவரை கண்ட மிகப் பெரிய தோல்வி அதுதான். அந்த நாளிலிருந்து இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சுமந்து வந்திருக்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இம்முறை முழுவதும் அதற்கே பதில் எழுதுகிறேன்.

நியூசிலாந்திடம் தோற்றபோது ஏதோ ஒரு தொடர் கைநழுவிப் போய்விட்டது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். இப்போது தென்னாப்பிரிக்காவும் வந்து வென்றுவிட்டுப் போயிருக்கிறது. இது தற்காலிகச் சறுக்கலா, அல்லது அணி உண்மையாகவே சரிந்துகொண்டிருக்கிறதா?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், திருச்சி

சரிவுதான் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. 2013 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவை வென்றதில் தொடங்கி, 2024இல் வங்கதேசத்துக்கு எதிரான தொடர் வரை, இந்தியா சொந்த மண்ணில் தொடர்ச்சியாக 18 டெஸ்ட் தொடர்களை வென்றது. பதினோரு ஆண்டுகளுக்கும் மேலான அந்தக் காலத்தில் இங்கே தோற்ற டெஸ்ட்கள் நான்கே: 2017இல் புனே, 2021இல் சென்னை, 2023இல் இந்தூர், 2024இல் ஹைதராபாத். அதன் பிறகு உள்நாட்டில் ஆடிய ஏழு டெஸ்ட்களில் ஐந்தில் தோற்றிருக்கிறோம். 2024 இறுதியில் நியூசிலாந்து 3-0 என்று வென்றதே, இந்தியாவில் அந்த அணி வென்ற முதல் டெஸ்ட் தொடர். தென்னாப்பிரிக்கா இங்கே தொடரை வென்று 25 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அறிகுறி அதற்கு முன்பே தெரிந்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. 2024 செப்டம்பரில் வங்கதேசத்துடனான சேப்பாக்கம் டெஸ்டின் முதல் நாளன்று நான் அரங்கில் உட்கார்ந்திருந்தேன். 34 ரன்னுக்கு 3 விக்கெட், பிறகு 144 ரன்னுக்கு 6 விக்கெட் என்று போனபோது அரங்கம் ஓசையற்று இருந்தது. அதன் பின் அஸ்வினும் ஜடேஜாவும் சேர்ந்து 199 ரன் சேர்த்தார்கள். உள்ளூர்ப் பிள்ளை சதமடித்தபோது எழுந்து நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். எட்டாவதாக இறங்கியவர் சதமடித்துத்தான் அணியைக் கரையேற்ற வேண்டியிருந்தது என்பதை அந்த மகிழ்ச்சியில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அடுத்து கான்பூரில் மழையால் இரண்டு நாளுக்கும் மேல் வீணான டெஸ்டில், 35 ஓவருக்குள் 285 ரன் குவித்து வென்றபோது, இனி டெஸ்டையும் இப்படியே ஆடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. மூன்றே வாரத்தில், பெங்களூருவில் மழைக்குப் பிந்தைய ஈரமான காலையில், அதே அணி 46 ரன்னுக்குச் சுருண்டது.

ஆனால் சரிவு எங்கே என்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும். 2025இல் இங்கிலாந்தில் இளம் அணி 2-2 என்று தொடரைச் சமன் செய்தது. சுப்மன் கில் எட்ஜ்பாஸ்டனில் 269, 161 என்று ஒரே டெஸ்டில் 430 ரன்னும் தொடர் முழுவதிலுமாக 754 ரன்னும் எடுத்தார். ஐந்து டெஸ்டிலும் ஓயாமல் பந்து வீசிய சிராஜ், ஓவலில் கடைசி நாள் காலையில் ஆறு ரன் வித்தியாசத்தில் வெற்றியைப் பறித்துத் தந்தார். ஆகவே திறமை வற்றிவிடவில்லை. பந்து திரும்பும் ஆடுகளத்தில் நின்று ஆடும் பழக்கம்தான் போய்விட்டது. ஒரு காலத்தில் அந்தப் பழக்கத்துக்கு நாம்தான் உலகுக்கே வாத்தியார்களாக இருந்தோம்.

கோலியும் ரோகித்தும் அஸ்வினும் ஒரே ஆண்டில் விலகியதுதானே காரணம்? இன்னும் இரண்டு ஆண்டுகள் அவர்களை வைத்துக்கொண்டு இளைஞர்களைத் தயார் செய்திருக்கலாம் அல்லவா?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆயினும் நியூசிலாந்திடம் 0-3 என்று தோற்ற அணியில் அந்த மூவரும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. புனேயில் கோலி ஆட்டமிழந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். மிட்செல் சான்ட்னர் வீசிய தாழ்வான ஃபுல்டாஸை, மட்டையைக் குறுக்கே வீசித் தவறவிட்டு, ஸ்டம்ப் பறிகொடுத்தார். சுழலும் என்று எதிர்பார்த்து மனம் கலங்கிய ஆட்டக்காரருக்குத்தான் நேரே வரும் பந்து அப்படி மாயமாகத் தெரியும். அதுவரை டெஸ்டில் ஒருமுறைகூட ஐந்து விக்கெட் எடுத்திராத சான்ட்னர் அந்த ஒரு டெஸ்டில் 13 விக்கெட் எடுத்தார்.

அதைத் தொடர்ந்த ஆஸ்திரேலியப் பயணத்தில் ரோகித் ஐந்து இன்னிங்ஸில் 31 ரன் எடுத்துவிட்டு, சிட்னியில் தானே ஒதுங்கிக்கொண்டார். பெர்த்தில் சதமடித்த கோலி, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போன பந்துகளைத் தொட்டுத் தொட்டே பின்னர் ஆட்டமிழந்தார். 123 டெஸ்டில் 9,230 ரன் குவித்தவர், கேப்டனாக 40 வெற்றிகளைத் தந்தவர் என்ற மரியாதை அவருக்கு என்றும் உண்டு. அந்த மரியாதைக்காக இடத்தை நீட்டித்திருந்தால் சரிவு ஒத்திப்போயிருக்கும், நின்றிருக்காது.

அஸ்வினின் விலகல் வேறு. 537 விக்கெட்டுகளில் 383ஐ சொந்த மண்ணில் எடுத்த ஒருவர், பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த கையோடு, தொடரின் நடுவே ஓய்வை அறிவித்தார். அவருடைய இடத்தை நிரப்புவது எந்த அணிக்கும் பல ஆண்டு வேலை. அதற்கான திட்டம் அவர் ஆடிக்கொண்டிருந்தபோதே தொடங்கியிருக்க வேண்டும். 2023-24 ரஞ்சிப் பருவத்தில் தமிழ்நாட்டுக்காக 53 விக்கெட் எடுத்து அனைவரையும் முந்திய சுழற்பந்து வீச்சாளர் சாய் கிஷோருக்கு இன்னும் ஒரு டெஸ்ட்கூடக் கிட்டவில்லை.

எதிரணி திணற வேண்டும் என்று சுழலும் ஆடுகளத்தை நாமே கேட்டு வாங்கிக்கொண்டு, அதில் நாமே விழுகிறோமே, இது என்ன நியாயம்?
– வாசகர், மதுரை

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நோயின் மையம் இங்கேதான் இருக்கிறது.

கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 124 ரன் எடுத்தால் வெற்றி. கழுத்து வலியால் கேப்டன் கில் மட்டை பிடிக்க முடியாத நிலையில் இந்தியா 93 ரன்னுக்கு அடங்கியது. கேட்டுக்கொண்ட ஆடுகளம்தான் கிடைத்தது என்று பயிற்சியாளர் கம்பீர் வெளிப்படையாகவே சொன்னார். மும்பையில் நியூசிலாந்துக்கு எதிராக 147 ரன்னைத் துரத்தியபோதும் 29 ரன்னுக்கு 5 விக்கெட் போனது. ரிஷப் பந்த் 64 ரன் எடுத்தும் 121 ரன்னில் கதை முடிந்தது. முதல் நாளிலிருந்தே பந்து தாறுமாறாகத் திரும்பும் ஆடுகளத்தில், இரு அணிகளின் சுழற்பந்து வீச்சாளர்களுக்கு இடையே உள்ள தர வேறுபாடு சுருங்கிவிடுகிறது. சாதாரணமாக 40 ஓவர் பொறுமையாக வீசி ஒருவரை வீழ்த்த வேண்டியவர், அங்கே 10 ஓவரில் நான்கு விக்கெட் எடுத்துவிடுகிறார். அஸ்வினும் ஜடேஜாவும் உச்சத்தில் இருந்தபோது இந்தச் சூதாட்டம் பலித்தது, அவர்கள் எதிரணியினரைவிட அவ்வளவு மேலாக இருந்தார்கள். அந்த இடைவெளி குறைந்த பிறகும் அதே ஆடுகளத்தைக் கேட்பது, வலுவான அணி தன் வலுவைத் தானே விட்டுக்கொடுப்பதாகும்.

இன்னொரு கேடும் இதில் இருக்கிறது. மூன்று நாளில் முடியும் டெஸ்ட்களையே தொடர்ந்து ஆடும் மட்டையாளர், எந்நேரமும் நம்மை வீழ்த்தும் பந்து ஒன்று வரத்தான் போகிறது, அதற்குள் கிடைத்த ரன்னை அடித்துவிட வேண்டும் என்று நினைக்கத் தொடங்குகிறார். அந்த நினைப்பு வந்துவிட்டால், நல்ல ஆடுகளத்திலும் அது கூடவே வருகிறது. குவாஹாட்டியே இதற்குச் சாட்சி. அங்கே ஆடுகளத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் வேர்கள் கொண்ட டர்பன் குடும்பத்தில் பிறந்த செனுரன் முத்துசாமி, ஏழாவதாக இறங்கி 206 பந்துகளைச் சந்தித்து 109 ரன் எடுத்தார். ஒன்பதாவதாக இறங்கிய மார்க்கோ யான்சென் 93 ரன் அடித்தார். அதே களத்தில் 95 ரன்னுக்கு ஒரு விக்கெட் என்று இருந்த இந்தியா 122 ரன்னுக்கு ஏழு விக்கெட்டை இழந்தது. நிதானித்து ஆட வேண்டிய நேரத்தில், கேப்டன் பொறுப்பில் இருந்த பந்த், வேகப்பந்து வீச்சாளர் யான்செனை நோக்கி இறங்கி வந்து மட்டையைச் சுழற்றி விக்கெட்டைக் கொடுத்தார்.

அதன் பிறகு நடந்ததை நான் தொலைக்காட்சி முன்னால் நகராமல் பார்த்தேன். வாஷிங்டன் சுந்தரும் குல்தீப் யாதவும் மணிக்கணக்கில் களத்தில் நின்றார்கள். குல்தீப் 134 பந்துகளைச் சந்தித்து 19 ரன் எடுத்தார். தென்னாப்பிரிக்கச் சுழற்பந்து வீச்சாளர் ஹார்மரின் பந்துக்கு முன்காலை நீட்டி, மட்டையைக் காலோடு ஒட்டவைத்து, கையைத் தளர்த்தி, பந்து காலடியிலேயே விழுமாறு அவர் தடுத்துக்கொண்டே இருந்தார். நம் தெருக்களில் அதைக் ‘கட்டை போடுவது’ என்று இளப்பமாகச் சொல்வார்கள். அந்தக் கட்டையைப் போட அன்று மேல்வரிசையில் ஒருவராவது இருந்திருந்தால், ஆட்டம் வேறு திசையில் போயிருக்கும்.

சாய் சுதர்சனை ஒரு டெஸ்டில் சேர்த்து, அடுத்ததில் நீக்கி, மறுபடி சேர்க்கிறார்கள். மூன்றாம் இடத்துக்கு யார்தான் சரியானவர்?
– வாசகர், நாகர்கோவில்

2024 அக்டோபரில் பெங்களூருவில் தொடங்கிக் குவாஹாட்டி வரை இந்தியா 17 டெஸ்ட்கள் ஆடியிருக்கிறது. அவற்றில் மூன்றாம் இடத்தில் இறங்கியவர்கள்: கோலி, கில், தேவ்தத் படிக்கல், ராகுல், சாய் சுதர்சன், கருண் நாயர், வாஷிங்டன் சுந்தர். ஏழு பேர். டிராவிட்டும் அவருக்குப் பின் புஜாராவும் கால் நூற்றாண்டுக் காலம் காத்த இடம் அது. 2017இல் ராஞ்சியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் புஜாரா 525 பந்துகளைச் சந்தித்து 202 ரன் எடுத்தபோது, எதிரணிப் பந்துவீச்சாளர்களின் தோள் சோர்ந்து போனதுதான் அவர் அணிக்குச் செய்த பெரிய உதவி.

வாஷிங்டனின் நிலைதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது. மான்செஸ்டரில் தோல்வியைத் தவிர்க்க ஆட்டமிழக்காமல் சதமடித்தவர் அவர். கொல்கத்தாவில் மூன்றாம் இடத்துக்கு அனுப்பப்பட்டு, இரண்டு இன்னிங்ஸிலும் மற்றவர்களில் பலரைவிட நன்றாகவே தாக்குப்பிடித்தார். ஆனால் நான்கு சுழற்பந்து வீச்சாளர்கள் இருந்த அந்த அணியில் பந்து வீச அவருக்கு ஏறக்குறைய வாய்ப்பே கிடைக்கவில்லை. அடுத்த டெஸ்டில் எட்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். தன் வேலை என்ன என்று தெரியாமல் 26 வயது இளைஞர் எப்படி வளர்வார்? அவர் ஆஃப் ஸ்பின்னராக வளர வேண்டியவர், ஆறாம் அல்லது ஏழாம் இடத்தில் மட்டை பிடிக்க வேண்டியவர் என்பது என் கருத்து. மூன்றாம் இடத்தைச் சாய் சுதர்சனுக்குக் கொடுத்து, ரன் வந்தாலும் வராவிட்டாலும் பத்து டெஸ்டுக்கு அதில் கை வைக்காமல் இருக்க வேண்டும். அவர் தமிழ்நாட்டுக்காரர் என்பதால் இதைச் சொல்லவில்லை. தேர்வுக்குழு வேறொருவரை நம்பினால் அவருக்கும் இதே பத்து டெஸ்ட் கிடைக்க வேண்டும்.

கம்பீரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா?
– வாசகர், சேலம்

ஆகாது. ஆடுகளத் தேர்வுக்கும், தேர்ந்த மட்டையாளர்களை வெளியே வைத்து ஆல்ரவுண்டர்களை நிரப்பிய முடிவுக்கும் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். ரஞ்சியில் மலைமலையாக ரன் குவித்த சர்பராஸ் கான், பெங்களூரு டெஸ்டில் 150 அடித்தார். அந்தத் தொடருக்குப் பிறகு அவர் ஒரு டெஸ்டும் ஆடவில்லை. இதைக் கம்பீர் ஒருவரின் தவறாகப் பார்க்க முடியாது, தேர்வுக்குழுவுக்கும் இதில் பங்கு உண்டு.

மேற்கிந்தியத் தீவுகளின் வீழ்ச்சியைக் கண்ணால் பார்த்தவன் நான். இந்தியாவுக்கும் அதே கதி வருமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்

அந்த வீழ்ச்சியைப் பார்த்தவர் என்பதால், அது ஒரே நாளில் நடக்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1980இலிருந்து 1995 வரை ஒரு டெஸ்ட் தொடரைக்கூட இழக்காத அணி அது. 1991இல் ரிச்சர்ட்ஸ், மார்ஷல், கிரீனிட்ஜ், டுஜோன் என்று தூண்கள் அடுத்தடுத்துச் சாய்ந்தன. ஆனாலும் ஆம்புரோஸும் வால்ஷும் வீசிய பந்தும், பிறகு லாராவின் மட்டையும், அடித்தளம் அரித்துப்போனதை வெகுநாள் மறைத்துவைத்திருந்தன. 1995இல் கிங்ஸ்டனில் ஸ்டீவ் வா 200 ரன் அடித்துத் தொடரைப் பறித்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. நம் அணியில் இன்று பும்ரா அதே வேலையைச் செய்கிறார் என்பதே என் அச்சம். 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் அவர் 32 விக்கெட் எடுத்தார். சிட்னியில் முதுகுப் பிடிப்பால் கடைசி இன்னிங்ஸில் அவர் வீச முடியாமல் போனதும், அணியிடம் மாற்று வழி எதுவும் இல்லாமல் போயிற்று.

ஆனால் நமக்குப் பொருத்தமான பாடம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2007 ஜனவரியில் வார்னே, மெக்ராத், லாங்கர் மூவரும் ஒரே சிட்னி டெஸ்டோடு விடைபெற்றார்கள். அடுத்த நான்காண்டுகளில் மெக்கில், ஹாக், காசன், கிரேசா, மெக்கெய்ன், ஹாரிட்ஸ், டோஹர்ட்டி, பீர் என்று சுழற்பந்து வீச்சாளர்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நாக்பூரில் முதல் டெஸ்டிலேயே 12 விக்கெட் எடுத்த கிரேசாவுக்கு, அதன் பிறகு ஒரே ஒரு டெஸ்ட்தான் கிடைத்தது. எல்லோரையும் வார்னேயோடு ஒப்பிட்டு, எல்லோரையும் நிராகரித்தார்கள். 2010-11இல் சொந்த மண்ணிலேயே இங்கிலாந்திடம் ஆஷஸ் தொடரை 1-3 என்று இழந்த பிறகு, டான் ஆர்கஸ் தலைமையில் குழு அமைத்து, தேர்வு முறையிலிருந்து உள்நாட்டுப் போட்டிகள் வரை அலசினார்கள். அதே 2011இல், அடிலெய்டு மைதானத்தில் ஆடுகளம் பராமரித்துக்கொண்டிருந்த நேதன் லயன் அணிக்கு வந்தார். அவரும் அடி வாங்கினார், இடையில் நீக்கவும்பட்டார். ஆனால் இம்முறை திரும்பத் திரும்ப அவரிடமே வந்தார்கள். இன்று அவர் கணக்கில் 550-க்கும் மேற்பட்ட டெஸ்ட் விக்கெட்டுகள் இருக்கின்றன.

நமக்கே இப்படி ஓர் அனுபவம் உண்டு. 2011 உலகக் கோப்பையை வென்ற கையோடு இங்கிலாந்தில் 0-4, ஆஸ்திரேலியாவில் 0-4, பிறகு 2012இல் இங்கேயே இங்கிலாந்திடம் 1-2 என்று தோற்றோம். டிராவிட், லட்சுமண், டெண்டுல்கர் விலகினார்கள். கோலி, புஜாரா, ரஹானே, முரளி விஜய், அஸ்வின் ஆகியோரை வைத்து 2013-14இல் ஆடிய வெளிநாட்டுத் தொடர்களிலும் தோல்விதான். ஆனாலும் அவர்களைக் கலைக்கவில்லை. நீங்கள் வியந்து பார்த்த அந்த ஆதிக்கம் அவர்களைக் கொண்டுதான் கட்டப்பட்டது.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. பயிற்சி மையத்தில் சிக்ஸர் அடிப்பதைத்தான் சொல்லித்தருகிறார்கள். டெஸ்ட் அணியை மீண்டும் கட்ட வேண்டும் என்கிறீர்கள், அதை எங்கிருந்து தொடங்குவது?
– தாய் ஒருவர், சென்னை

சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு பயிற்சி மையத்தில் அரை நாள் நின்று பார்த்தேன். சிமெண்ட் தளத்தின் மேல் செயற்கைப் புல் விரித்திருந்தார்கள். ஒருவர் கோல் போன்ற கருவியால் வேகமாகப் பந்தை எறிய, பையன்கள் வரிசையாக வந்து ஓங்கி அடித்துவிட்டுப் போனார்கள். மூன்று மணி நேரத்தில் ஒரு பையனுக்கும் மண் ஆடுகளத்தில் சுழற்பந்தைத் தடுத்து ஆடும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அந்தப் பயிற்சியாளரைக் குறை சொல்ல மாட்டேன். எட்டு மாதத்தில் பலன் காட்டச் சொல்லிப் பெற்றோர் கேட்கிறார்கள், ஐபிஎல் ஏலத்தில் கோடிகள் பேசுகின்றன.

மேல்மட்டத்திலும் இதே கதைதான். 2024-25இலிருந்து ரஞ்சிக் கோப்பையை இரண்டு துண்டாகப் பிரித்து, நடுவில் வெள்ளைப்பந்துப் போட்டிகளை நடத்துகிறார்கள். சிவப்புப் பந்தில் கை பழகிவரும் நேரத்தில் ஆட்டக்காரர் வேறு ஆட்டத்துக்கு மாற வேண்டியிருக்கிறது. நவம்பர் 8 அன்று பிரிஸ்பேனில் டி20 ஆடிவிட்டு வந்த கில் உள்ளிட்டோர், நவம்பர் 14 அன்று கொல்கத்தாவில் டெஸ்டுக்கு இறங்கினார்கள். எதிரே நின்ற 36 வயது சைமன் ஹார்மரோ இங்கிலாந்தின் கவுண்டி ஆட்டங்களில் ஆண்டுக்கணக்கில் நாள் முழுதும் பந்து வீசி, முதல்தர ஆட்டங்களில் ஆயிரம் விக்கெட்டைத் தாண்டியவர். இரண்டே டெஸ்டில் அவர் 17 விக்கெட் எடுத்ததில் வியப்பு இல்லை.

இந்தியக் கிரிக்கெட் வாரியத்திடம் பணத்துக்குக் குறைவில்லை. ஒரு பருவத்தில் பெரும்பாலான டெஸ்ட்களை ஆடுபவருக்கு ஆட்டத்துக்கு 45 லட்சம் ரூபாய் வரை ஊக்கத்தொகை தரும் திட்டத்தை 2024இல் அறிவித்தார்கள், அது நல்ல முடிவு. அந்தப் பணத்தில் ஒரு பங்கு, மாவட்ட மைதானங்களில் மண் ஆடுகளம் அமைக்கவும், ஆடுகளம் பராமரிப்போருக்கு நியாயமான சம்பளம் தரவும் போக வேண்டும். ரஞ்சிப் பருவத்தை உடைக்காமல் நடத்த வேண்டும், டெஸ்டுக்கு முன் குறைந்தது ஒரு நான்கு நாள் ஆட்டமாவது ஆடாதவரைக் களமிறக்கக் கூடாது.

உங்கள் மகனைப் பொறுத்தவரை, வாரத்தில் ஒரு நாளாவது மண் தரை உள்ள ஏதாவது ஒரு மைதானத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். லீக் ஆடி ஓய்ந்த பழைய சுழற்பந்து வீச்சாளர்கள் சென்னையில் ஏராளம் உண்டு; அவர்களில் ஒருவரை அரை மணி நேரம் வீசச் சொல்லுங்கள். அவன் எத்தனை ரன் அடித்தான் என்று கேட்காமல், எத்தனை பந்து ஆட்டமிழக்காமல் நின்றான் என்று கேளுங்கள்.

அடுத்த பெரிய சோதனை எது?
– வாசகர், புதுச்சேரி

அட்டவணைப்படி 2027 தொடக்கத்தில் ஆஸ்திரேலியா ஐந்து டெஸ்ட்கள் ஆட இங்கே வருகிறது. முதல் டெஸ்டின் முதல் காலையில் மூன்றாவதாக யார் இறங்குகிறார், அதற்கு முன் எத்தனை டெஸ்டில் அவர் அதே இடத்தில் இறங்கியிருக்கிறார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.